தோற்ற அட்டைகள்

கழுத்தில் தொங்கிய அட்டையில் அவளுக்குப் போட்டிருந்த பதவி, 'பொழுதுபோக்கு நிபுணர்'. வேலையில் சேர்ந்த அன்று அதை வீட்டுக்குக் கொண்டுவந்து பெருமையாகக் காட்டினாள். எலக்ட்ரீஷியனான அவள் கணவன் இரண்டு முறை வாய்விட்டுப் படித்துப் பார்த்துவிட்டு, "பொழுதைப் போக்கறதுக்கு ஒரு நிபுணரா? உன் தம்பி பத்து வருஷமா சம்பளமே வாங்காம இதைத்தானே பண்றான்?" என்றான். அதற்குப் பிறகு இரண்டு நாள் அவனுக்கு வீட்டில் டீ கிடைக்கவில்லை.

அது நடந்து ஒன்பது வருடம் ஆகிறது. சமூகக் கூடத்துக்கு வருகிறவர்கள் யாரும் அந்தப் பதவியைச் சொல்லி அவளைக் கூப்பிட்டதில்லை. சின்னவர், பெரியவர், மேனேஜர், பெருக்குகிற அம்மா, எல்லோருக்கும் அவள் கேம்ஸ் டீச்சர்தான்.

ஒரு பெரிய ஹால், நான்கு அறைகள், மழை வந்தால் மூன்று வாளி வைக்க வேண்டிய ஒரு வராந்தா. இவ்வளவுதான் கூடம். காலையில் மூத்தவர்களுக்கு நாற்காலியில் உட்கார்ந்தபடியே உடற்பயிற்சி, பதினொரு மணிக்கு கேரம், மாலையில் பிள்ளைகளுக்கு டேபிள் டென்னிஸ், சனிக்கிழமை ஓவிய வகுப்பு. வெளியிலிருந்து பார்க்கிறவர்களுக்கு இது சாமான்களை எடுத்துக் கொடுத்து எடுத்து வைக்கிற வேலையாகத் தெரியும். உண்மையில் அவளுடைய வேலை, விளையாடாதவர்களைப் பார்ப்பது. யார் தண்ணீர் குடிக்கிற சாக்கில் எழுந்துபோய்த் திரும்பி வரவில்லை, யார் சிவப்புக் காயைக் குழியில் தள்ளிவிட்டு, 'பலே' சொல்ல ஆளில்லாமல் நாலா பக்கமும் திரும்பிப் பார்த்தார் என்று கவனித்துக்கொண்டே இருக்க வேண்டும். கவனித்து, அவரை யாரோடாவது கோத்துவிட வேண்டும். இதில் அவள் கெட்டிக்காரி. "ஒருத்தர் கதவைத் தள்ளிக்கிட்டு உள்ள வர்ற விதத்துலயே அன்னிக்கு அவங்க மனசு எப்படின்னு சொல்லிடுவேன்" என்று மேனேஜரிடமே பெருமை அடித்துக்கொண்டிருக்கிறாள். இந்தக் கதையில் அவள் சறுக்கியதும் சரியாக அந்த இடத்தில்தான்.

வியாழக்கிழமை காலை பத்து மணிக்கு அறுபது வயதைத் தாண்டியவர்களுக்கு நம்பர் ஆட்டம். ஆளுக்கு ஒரு காகித அட்டை. அதில் மூன்று வரி, வரிக்கு ஐந்து எண்கள். ஒன்றிலிருந்து தொண்ணூறு வரை எழுதிய மரக் காய்கள் ஒரு துணிப் பையில் இருக்கும். கேம்ஸ் டீச்சர் பைக்குள் கையை விட்டு ஒவ்வொன்றாக எடுத்துக் கூப்பிடுவாள், கூப்பிட்டதை ஒரு நீள நோட்டில் வரிசையாக எழுதுவாள். தன் அட்டையில் அந்த எண் இருப்பவர் பேனாவால் அடித்துக்கொள்ள வேண்டும். ஒரு வரியை முதலில் முடித்தவர் "வரி!" என்று கத்தலாம். பதினைந்தையும் முடித்தவர் "முழுசு!" என்று கத்தலாம். பரிசு என்று பெரிதாக ஒன்றும் கிடையாது. ஒரு துண்டு, ஒரு சோப்பு டப்பா, மிஞ்சிப்போனால் ஒரு டார்ச் லைட். ஆனால் அந்தத் துண்டுக்காக எழுபது வயது மனிதர்கள் நாற்காலி நுனியில் உட்கார்ந்திருக்கிற அழகைப் பார்த்தால் சொத்துத் தகராறு நடக்கிறதோ என்று தோன்றும்.

யாராவது கத்தினால் டீச்சர் அவருடைய அட்டையை வாங்கி, நோட்டோடு ஒப்பிட்டு, சரியாக இருந்தால் கைதட்டச் சொல்வாள். மற்றவர்களுடைய அட்டைகளைச் சேர்த்து ஒரு அட்டைப்பெட்டியில் போட்டுவிடுவாள். பின்பக்கம் வெள்ளையாக இருக்குமே, ஓவிய வகுப்புக்கு ஆகும் என்று. ஜெயித்த அட்டையைத்தான் பார்ப்பது வழக்கம். தோற்ற அட்டையை உலகத்தில் யார் உட்கார்ந்து பார்ப்பார்கள்?

இந்த ஆட்டத்துக்குப் பன்னிரண்டு வாரங்களுக்கு முன்னால் வந்து சேர்ந்தவர் லைசென்ஸ் சார். ஓட்டுநர் தேர்வு அதிகாரியாக இருந்து ஓய்வு பெற்றவர். அந்த ஊரில் வண்டி ஓட்டுகிற பாதிப் பேர் அவர் கையில் ஒரு முறையாவது ஃபெயில் ஆனவர்கள். இருபது அடி தள்ளி நிற்கிற வண்டியின் நம்பரைப் படிக்கச் சொல்வார். தட்டுத்தடுமாறிப் படித்தால், "கண்ணைக் காட்டிட்டு அப்புறம் வாங்க" என்று திருப்பி அனுப்பிவிடுவார். சிபாரிசு, அழுகை, குழைவு எதுவும் அவரிடம் பலித்ததில்லை. எந்தக் காகிதத்தையும் கையெழுத்துப் போடாமல் அடுத்தவரிடம் கொடுத்ததும் இல்லை. நம்பர் ஆட்டத்தின் அட்டையைத் திருப்பிக் கொடுக்கும்போதுகூட மூலையில் தேதி எழுதி ஒரு கையெழுத்து போட்டுத்தான் கொடுப்பார். எல்லோரும் சிரிப்பார்கள்.

மனைவி இறந்து இரண்டு வருடம் ஆகிறது. மகள் வீட்டில் இருக்கிறார். மகள்தான் பிடித்துத் தள்ளாத குறையாக அவரைக் கூடத்துக்கு அனுப்பினாள். வந்தார், ஆனால் ஒட்டவில்லை. அதைவிட மோசம், அவருக்கு ஒரு முறைகூட விழவில்லை. பதினோரு வாரம், ஒரு வரி இல்லை. பரிசு யார் யாருக்கோ போனது. முப்பது வருடம் இரவுக் காவல் பார்த்துவிட்டு அந்தக் கடன் தூக்கத்தையெல்லாம் இப்போது ஹாலில் தீர்த்துக்கொண்டிருந்த வாட்ச்மேன் ஐயாவுக்கே இரண்டு முறை விழுந்தது. பக்கத்து ஆள் இடித்து எழுப்பி, "ஐயா, உங்களுக்கு வரி வந்துடுச்சு, கத்துங்க" என்று சொல்ல வேண்டியிருந்தது.

கைப்பைக்குச் சின்னப் பூட்டு ஒன்றைப் போட்டுக்கொண்டு வருவதால் பூட்டு அம்மா என்று பேர் வாங்கிய ஒரு அம்மா உண்டு. நாக்கில் மட்டும் பூட்டு கிடையாது. ஒரு நாள் அந்த அம்மா, "சார் பக்கத்துல உட்கார்ந்தா நமக்கும் விழாது போல இருக்கே" என்று சொல்லிவிட்டு நாற்காலியை ஒரு முழம் தள்ளிப் போட்டுக்கொண்டாள். விளையாட்டாகத்தான் சொன்னாள். லைசென்ஸ் சாரும் சிரித்தார். ஆனால் அடுத்த வாரத்திலிருந்து அவரே ஜன்னலோரக் கடைசி மேசைக்குப் போய் தனியாக உட்கார்ந்துகொண்டார். கேம்ஸ் டீச்சர் காய் எடுக்கும்போதெல்லாம் அந்த மேசையைப் பார்த்துக்கொண்டாள்.

பதினோராவது வாரம் ஆட்டம் முடிந்து எல்லோரும் போன பிறகு அவருடைய மகள் வந்தாள். மருந்துக் கடையில் வேலை பார்ப்பவள், சாப்பாட்டு நேரத்தில் ஓடி வந்திருந்தாள்.

"டீச்சர், அப்பாகிட்ட நீங்களாவது சொல்லுங்களேன். இடது கண்ணுலயும் புரை இருக்கு, வலது கண்ணுல முத்தியே போச்சாம். இந்த மாசத்துக்குள்ள எடுக்கலன்னா உள்ள அழுத்தம் ஏறிப் பார்வையே போயிடும்னு டாக்டர் சொல்லிட்டார். அப்புறம் யார் வந்தாலும் ஒண்ணும் பண்ண முடியாதாம். இவர் அசைய மாட்டேங்கறார்."

"பயமா இருக்குமோ என்னவோ?"

"அம்மா சின்ன ஆபரேஷன்னுதான் போனாங்க. திரும்பி வரல. அதிலேருந்து 'எனக்கு நேரம் சரியில்லம்மா'ன்னு ஒரே பாட்டு. நேத்து என்ன சொன்னார் தெரியுமா? 'கூடத்துல ஒரு நம்பர் ஆட்டம், அதுலயே பத்து வாரமா எனக்கு ஒரு வரி விழல. இந்த நேரத்துல போய் யாராவது கத்தி வச்சுப்பாங்களா?'ன்னு கேக்கறார். சிரிக்கறதா அழறதான்னு தெரியல எனக்கு." சொல்லிக்கொண்டிருக்கும்போதே அவள் இரண்டையும் சேர்த்துச் செய்தாள்.

"பார்வை ரொம்ப மங்கலா?"

"கேட்டா, 'எல்லாம் தெரியுது, லேசா பனி மாதிரி, அவ்வளவுதான்'னு சொல்றார். காலையில பேப்பரைப் பிரிச்சு வச்சுக்கிட்டுப் படிக்கத்தான் செய்யறார்."

புரை என்ற சொல் கேம்ஸ் டீச்சரின் காதில் விழுந்தது, மண்டையில் ஏறவில்லை. அந்த ஹாலில் புரை இல்லாத கண்ணை விரல் விட்டு எண்ணிவிடலாம், அது நரைத்த தலை மாதிரி சர்வ சாதாரணம். மண்டையில் ஏறி உட்கார்ந்துகொண்டது 'நேரம்' என்ற சொல்தான். ஒரு வரி விழுந்தால் போதும், மனிதர் ஆபரேஷனுக்குச் சம்மதித்துவிடுவார். ஒரே ஒரு வரி! பையும் காயும் யார் கையில் இருக்கிறது? அவள் கையில்தானே?

வீட்டுக்குப் போய்க் கணவனிடம் சொன்னாள். "திருட்டு ஆட்டமா?" என்றான் அவன், ஒரு ஸ்விட்ச்சைப் பிரித்துப் போட்டுக்கொண்டே.

"திருட்டு இல்ல. ஒரு உதவி."

"உனக்குப் பொய் சொன்னா மூக்குல வேர்க்குமே. துடைச்சுக்கத் துணி எடுத்துட்டுப் போ" என்றான். அந்த மனிதன் வாயில் நல்ல வார்த்தை வராது, ஆனால் வருகிற வார்த்தை தப்பாகவும் போகாது.

பன்னிரண்டாவது வியாழன். அட்டைகளைக் கொடுத்து முடித்ததும், ஜன்னல் கதவைத் திறக்கிற சாக்கில் லைசென்ஸ் சார் மேசைப் பக்கம் போய் அவர் அட்டையின் முதல் வரியை மனப்பாடம் செய்துகொண்டாள். ஆறு, இருபத்து மூன்று, நாற்பத்தொன்று, அறுபத்தெட்டு, எண்பத்து மூன்று. மேடைக்கு வருவதற்குள் நாற்பத்தொன்றா ஐம்பத்தொன்றா என்று சந்தேகம் வந்து, இன்னொரு ஜன்னலையும் திறக்க வேண்டியதாயிற்று.

ஆட்டம் ஆரம்பமானது. கையில் வந்தது ஐம்பத்திரண்டு, வாயில் வந்தது ஆறு. நோட்டிலும் ஆறு என்றே எழுதினாள். பிறகு நிஜமாகவே ஆறு கைக்கு வந்தால் அதை ஐம்பத்திரண்டு என்று கூப்பிட்டாக வேண்டும். இப்படியே இன்னும் நான்கு எண்களுக்குக் கணக்கு வைத்துக்கொள்ள வேண்டும். வங்கியைக் கொள்ளையடிக்கிறவனுக்கே இவ்வளவு மண்டையிடி இருக்காது. சந்தேகம் வராதபடி நடுநடுவே உண்மையான எண்களையும் கூப்பிட்டாள். கணவன் சொன்னபடியே மூக்கு வியர்த்தது. "டீச்சருக்கு இன்னிக்கு உடம்பு சரியில்லையா?" என்று பூட்டு அம்மா கேட்டாள்.

பதிமூன்றாவது காயாக, "எண்பத்து... மூணு!" என்றாள்.

ஐந்தும் ஆகிவிட்டது. ஜன்னலோரம் பார்த்தாள். லைசென்ஸ் சார் பேனாவைக் கையில் பிடித்துக்கொண்டு, அட்டையின் மேல் குனிந்து, அடுத்த எண்ணுக்குக் காத்திருந்தார்.

"எண்பத்து மூணு. எட்டு, மூணு. எல்லாரும் நல்லாப் பாருங்க."

எல்லோரும் நல்லாப் பார்த்தார்கள். அவரும் பார்த்தார். ஹாலில் வாட்ச்மேன் ஐயாவின் குறட்டை மட்டும் கேட்டது. வேறு வழியில்லாமல் அடுத்த காயை எடுத்தாள், அதற்கடுத்ததையும் எடுத்தாள். இன்னும் எட்டு காய் போனதும் பூட்டு அம்மா, "வரீ!" என்று கட்டடம் இடிகிற மாதிரி ஒரு கத்துக் கத்தினாள். அவள் வரியில் இரண்டு எண்கள், டீச்சர் பொய்யாகக் கூப்பிட்டவை. ஊருக்கே ஆகாத அந்த அம்மாவுக்கு, டீச்சரின் திருட்டுத்தனத்தால் ஒரு டார்ச் லைட் கிடைத்தது.

ஆட்டம் முடிந்து லைசென்ஸ் சார் தன் அட்டையில் கையெழுத்துப் போட்டு நீட்டினார். "விடுங்க டீச்சர். எனக்கு வராது. பழகிப் போச்சு" என்று சிரித்துவிட்டுப் போனார்.

அவள் அப்போதுதான் முதல் முறையாக ஒரு தோற்ற அட்டையைப் பார்த்தாள்.

முதல் வரியில் ஆறும் நாற்பத்தொன்றும் அறுபத்தெட்டும் அடிக்கப்பட்டிருந்தன. இருபத்து மூன்றும் எண்பத்து மூன்றும் அப்படியே இருந்தன. நடு வரியில் முப்பத்தெட்டை அடித்திருந்தார். முப்பத்தெட்டை அவள் கூப்பிடவே இல்லை, முப்பத்து மூன்றைத்தான் கூப்பிட்டிருந்தாள். மூன்றும் எட்டும் அவருக்கு ஒன்றாகத் தெரிந்திருக்கின்றன. உள்ளே போய் அட்டைப்பெட்டியைக் கவிழ்த்தாள். கையெழுத்துப் போட்ட அட்டைகளைப் பொறுக்கி எடுத்தாள். ஓவிய வகுப்புக்கு நான்கு போயிருந்தன, ஏழு மிச்சம் இருந்தன. நோட்டைப் பிரித்து, தரையிலேயே உட்கார்ந்து, ஒவ்வொன்றாக ஒப்பிட்டாள்.

மூன்றாவது வாரம் அவருக்குத்தான் முதலில் வரி வந்திருக்கிறது. ஒன்பதாவது வாரமும் அப்படியே. ஆறாவது வாரம் பதினைந்து எண்களும் முழுசாக வந்திருக்கின்றன, "முழுசு" என்று ஜெயித்தவருக்கு ஐந்து காய் முன்னாலேயே. அந்த ஹாலிலேயே பெரிய அதிர்ஷ்டக்காரர் கடைசி மேசையில் தனியாக, ராசியில்லாதவர் என்று தன்னைத் தானே ஒதுக்கிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்.

கேம்ஸ் டீச்சருக்கு அழுகை வந்தது. அவர் மேல் வந்த இரக்கம் பாதி, தன் மேல் வந்த ஆத்திரம் பாதி. மனசைப் படிக்கிறேன் பேர்வழி என்று ஒன்பது வருடமாக எல்லார் முகத்தையும் கண்ணில் விளக்கெண்ணெய் ஊற்றிக்கொண்டு பார்த்தவள், ஒரு மனிதருக்கு எண் தெரியவில்லை என்பதைப் பார்க்கவில்லை. மகள் வந்து 'கண்' என்று சொன்ன பிறகும் பார்க்கவில்லையே!

அன்றைக்கே மேனேஜரிடம் ஒரு மணி நேரம் அனுமதி வாங்கிக்கொண்டு அவர் வீட்டுக்குப் போனாள். வழியெல்லாம் ஒரே கவலை. ஆயிரம் பேரின் கண்ணைச் சோதித்துத் திருப்பி அனுப்பிய மனிதரிடம் போய், 'உங்களுக்கு எட்டும் மூன்றும் தெரியவில்லை' என்று எப்படிச் சொல்வது? ரோஷத்தில் அவர் கூடத்துக்கு வருவதையே நிறுத்திவிடலாம். ஆபரேஷனும் வேண்டாம், நீங்களும் வேண்டாம் என்று கதவைச் சாத்திவிட்டால் அந்தக் கண் போய்விடும். மாதம் முடிய ஒன்பது நாள்தான் இருந்தது.

மகள் வேலையிலிருந்து அப்போதுதான் வந்திருந்தாள். லைசென்ஸ் சார் முன்னறையில் பேப்பரைப் பிரித்துவைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். டீச்சர் சுற்றி வளைக்கவில்லை. அட்டைகளையும் நோட்டையும் அவர் முன்னால் வைத்தாள்.

"சார், உங்களுக்கு மூணு தடவை விழுந்திருக்கு. ஒரு தடவை முழுசாவே விழுந்திருக்கு. நீங்க அடிக்காம விட்டிருக்கீங்க. விட்டது எல்லாமே மூணும் எட்டும் இருக்கற நம்பர்."

அவர் அட்டைகளை எடுத்துக்கொண்டு ஜன்னல் வெளிச்சத்துக்குப் போனார். மகளைக் கூப்பிட்டு நோட்டைப் படிக்கச் சொன்னார். அட்டையை மூக்கில் உரசுகிற அளவுக்குப் பக்கத்தில் பிடித்துக்கொண்டு, அவள் படிக்கப் படிக்க ஒவ்வொரு எண்ணாக விரலால் தொட்டுக்கொண்டே வந்தார். தேர்வுத் தாளைத் திருத்துகிற நிதானம். ஆறாவது வாரத்தின் பதினைந்தாவது எண்ணைத் தொட்டபோது அவர் விரல் அங்கேயே நின்றுவிட்டது. பிறகு இன்றைய அட்டையை எடுத்தார்.

"இன்னிக்கும் எனக்கு வரி வந்திருக்கே?"

ஆமாம் என்று தலையாட்டியிருந்தால் போதும். யாருக்கும் தெரிந்திருக்காது. அவளுடைய மூக்கு வியர்த்தது.

"இன்னிக்கு வந்தது பொய், சார். உங்க அட்டையைப் பார்த்து வச்சுக்கிட்டு நான்தான் வேணும்னே கூப்பிட்டேன். உங்களுக்கு விழுந்தா ஆபரேஷனுக்கு ஒத்துப்பீங்கன்னு நினைச்சேன்."

அவர் முகம் சிவந்தது. "பாவம் பார்த்தீங்களா?"

"ஆமாம் சார்."

"அழுதான்னு ஒருத்தனுக்குக்கூட நான் பாஸ் போட்டது கிடையாது. தெரியுமில்ல உங்களுக்கு? பாவம் பார்த்து வண்டியைக் குடுத்தா ரோட்டுல போறவன் சாவான். இதுல, நீங்க பாஸ் போட்டும் ஃபெயில் ஆகியிருக்கேன் நான்!" கோபமாகத்தான் ஆரம்பித்தார். கடைசி வாக்கியத்தில் அவரையும் மீறி ஒரு சிரிப்பு வந்துவிட்டது. உடனே முகத்தை மாற்றிக்கொண்டார். "இனிமே நீங்க நம்பரைக் கூப்பிடுங்க, பையில கையை விடறது வேற ஆளா இருக்கணும்."

"சரிங்க சார்."

"நடந்ததை எல்லார் முன்னாடியும் சொல்லணும். அந்தம்மாவோட டார்ச் லைட்டை மட்டும் திருப்பிக் கேட்டுடாதீங்க. அவங்க தப்பு ஒண்ணும் இல்ல."

"சரிங்க சார்."

மகள் மெதுவாக அவர் பக்கத்தில் வந்தாள். "அப்பா, இப்பவாவது புரியுதா? நேரம் கெட்டதில்லப்பா. கண்ணுதான் கெட்டது. எடுத்துட்டா சரியாயிடும்."

சந்தோஷப்படுவார் என்றுதான் இரண்டு பெண்களும் எதிர்பார்த்தார்கள். லைசென்ஸ் சார் நாற்காலியில் போய்ப் பொத்தென்று உட்கார்ந்தார்.

"நேரம்னா என் கையில இல்ல. விட்டுடலாம்" என்றார் பிறகு. "கண்ணுன்னா, அது உங்கம்மா அப்பவே சொன்னது. கண்ணைக் காட்டுங்க, கண்ணைக் காட்டுங்கன்னு தினமும் கரடியா கத்துவா. எனக்கா கண்ணு தெரியல, நானே ஆயிரம் பேருக்குக் கண்ணு பார்த்தவன்னு வாயை அடைச்சுடுவேன்." கையிலிருந்த அட்டைகளைக் கீழே வைத்தார். "கடைசி நாள் ஆஸ்பத்திரியில என்னை உள்ள விடல. கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நின்னேன். நீ உள்ள நின்னே. அவ தலையைத் திருப்பி என்னைப் பார்த்தா. முகத்துல என்னவோ பண்ணா. சிரிச்சாளா, வலியில அழுதாளா, எனக்குத் தெரியல. பத்து அடி தூரம்தான். முப்பது வருஷம் கூட இருந்தவ முகம், எனக்குத் தெரியல. எல்லாம் நேரம்னு சொல்லிக்கிட்டிருந்தேன். வேற எப்படி இருக்கறது?"

கேம்ஸ் டீச்சர் தலையைக் குனிந்துகொண்டாள். இந்த மனிதரைத்தான் ஒரு டார்ச் லைட் பரிசால் தேற்றிவிடலாம் என்று நினைத்தோமா என்று அவளுக்கு வெட்கமாக இருந்தது.

மகள் அவர் காலடியில் தரையில் உட்கார்ந்தாள். "சிரிச்சாங்கப்பா" என்றாள்.

"நீயும் பாவம் பார்க்காதே."

"இல்லப்பா, நிஜமா. உங்க சட்டையைப் பார்த்துச் சிரிச்சாங்க. நீங்க பட்டனை மாத்திப் போட்டுக்கிட்டு நின்னீங்க. ஒரு பக்கம் மேல, ஒரு பக்கம் கீழ. 'உங்கப்பாவைப் பாரு, நான் படுத்து நாலு நாள்தான் ஆச்சு, சட்டைகூடப் போட்டுக்கத் தெரியல'ன்னு சொன்னாங்க. சொல்லிட்டு உங்களைப் பார்த்துச் சிரிச்சாங்க. மூச்சு வாங்கிச்சு, அப்பவும் சிரிச்சாங்க."

லைசென்ஸ் சார் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஆமாம்" என்றார் கடைசியில். "வீட்டுக்கு வந்து கழட்டும்போதுதான் பார்த்தேன். ஒரு பட்டன் தள்ளிப் போட்டிருந்தேன். யார்கிட்டயும் சொல்லல." அவர் குரல் உடைந்துபோயிற்று. "ஏம்மா இத்தனை நாளா என்கிட்ட சொல்லல?"

"நீங்க கேக்கவே இல்லையேப்பா. அவங்க பேச்சை எடுத்தாலே எழுந்து போயிடுவீங்க. எப்படிச் சொல்றது?"

அவர் அழுதார். மறைக்கவில்லை, திரும்பிக்கொள்ளவில்லை, கேம்ஸ் டீச்சர் இருக்கிறாளே என்று பார்க்கவில்லை. அழுகைக்கு நடுவில் சிரித்தார், "நாலு நாள்தான் ஆச்சுன்னா சொன்னா?" என்று இன்னொரு முறை கேட்டார். மகள் இன்னொரு முறை சொன்னாள். மூன்றாவது முறையும் கேட்டார், சொன்னாள்.

பிறகு துண்டால் முகத்தை அழுத்தித் துடைத்துக்கொண்டார். "அவ்வளவு முடியாம கிடக்கறப்பவும் அவ என்னைப் பார்த்திருக்கா. நான்தான் பார்க்கல" என்றார். "டாக்டருக்குப் போன் போடு. என்னிக்குக் கூப்பிட்டாலும் வரேன்னு சொல்லு."

மகள் போனை எடுத்தாள். எதிர்முனையில் யாரோ எடுத்து, சொல்லுங்க என்றார்கள். அவள் அழுதுகொண்டே போனை நீட்டினாள். கேம்ஸ் டீச்சர் போனை வாங்கி, கண் ஆபரேஷனுக்கு நாள் வேண்டும் என்றாள். எந்தக் கண் என்று கேட்டார்கள். அவள் லைசென்ஸ் சாரைப் பார்த்தாள்.

"முதல்ல வலது" என்றார் அவர். "அப்புறம் அடுத்ததுக்கும் இப்பவே நாள் கேட்டுடுங்க."